திருஷ்டி பொம்மையின் சட்டை

திருஷ்டி பொம்மையைக் கட்டடத்துக்குள்ளே, அதுவும் முதல் கூடத்தில், தனி விளக்கு போட்டு நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்ததும் நிர்மலா அப்படியே நின்றுவிட்டாள். பழைய துறைமுகத்துப் பக்கம் பாழடைந்து கிடந்த பிரெஞ்சுக்காரர் காலத்துச் சரக்குக் கிடங்கை நவீன ஓவிய மியூசியமாக மாற்றிய இரண்டு வருஷமும் அங்கே சித்தாளாக இருந்தவள் அவள். வைக்கோல் வயிறும் சட்டித் தலையும் முறுக்கு மீசையுமாக அந்தப் பொம்மையைச் செய்து முகப்பில் கட்டியதும் அவள்தான். வேலை முடிந்தால் அதை அவிழ்த்துக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுவருகிற கூத்தை அவள் எங்கேயும் கண்டதில்லை. எப்படியும் எரிக்கப்போவதுதானே என்ற தைரியத்தில்தான் அதற்கு அந்தச் சட்டையைப் போட்டிருந்தாள்.

சட்டை அவள் புருஷன் அன்பழகனுடையது. மஞ்சளில் சிவப்புப் பூ, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டுதான் அவளைப் பெண் பார்க்க வந்தான். அன்றைக்கே அவளுக்குக் கண் கூசியது. பொம்மையின் துணி போகிற வருகிறவன் கண்ணைச் சுண்டி இழுக்க வேண்டும் என்று மேஸ்திரி கன்னியப்பன் சொன்னபோது வேறு சட்டை எதுவும் அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. தொப்பை போட்ட மனுஷன், இனிமேல் அதைத் தேடவா போகிறான்? அவன் ஆட்டோ அந்தத் துறைமுகப் பக்கம் வருவதும் இல்லை. அவன் சரியாகக் கல்யாண நாளன்று தேடினான். பதறிப்போய், “தேய்க்கக் குடுத்தேங்க, அம்மாவாச அண்ணன் வண்டியிலதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டாள்.

அம்மாவாசை, சாரம் பகுதியில் அவர்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். மில் மூடுகிற வரைக்கும் அன்பழகனோடு ஒரே ஷிப்டில் நின்றவர். ஒரே டிபன் டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்ட சிநேகிதம். அன்பழகன் போய்த் தெருவே கேட்கும்படி கத்தினான். “என்னத் திருடன்னு சொல்லிட்ட இல்ல, அன்பு” என்றார் அம்மாவாசை. அவ்வளவுதான், பதினாலு மாசமாகப் பேச்சில்லை. அன்பழகன் கசங்கின சட்டையோடு ஆட்டோ ஓட்டினான். நிர்மலா தினமும் சொல்லிவிடத்தான் நினைப்பாள், நாக்கு எழாது. அந்த இரண்டு பேருடைய சிரிப்பையும் சேர்த்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

நாளைக்குத் திறப்பு விழா. இன்றைக்கு வேலையாட்களின் குடும்பங்களெல்லாம் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நாலு மணிக்கு அன்பழகன் வந்துவிடுவான். நிர்மலா மியூசியப் பொறுப்பாளர் ஹேமலதாவிடம் ஓடினாள்.

“மேடம், திருஷ்டி பொம்மைய உள்ள வெக்கக் கூடாதுங்க. ஆவாது.”

“இந்தக் கட்டடத்துக்காக இங்கயே செஞ்சது இது ஒண்ணுதான் நிர்மலா. மத்ததெல்லாம் எங்கெங்கேர்ந்தோ வந்தது. செஞ்சவங்க பேரு போடணும், கேட்டா யாரும் சொல்ல மாட்றாங்க. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க” என்று வாய் தானாகச் சொல்லிற்று.

அன்பழகன் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி வந்தான். பெண்டாட்டி பூசின சுவர் எது என்று கேட்டுக் கேட்டுத் தடவிப் பார்த்தான். பொம்மை முன்னால் நின்றவன் நகரவில்லை. மூன்றாவது பித்தான் மட்டும் நீலம், அவள் கையால் தைத்தது.

“நாந்தாங்க போட்டுவுட்டேன்” என்றாள் நிர்மலா. “அம்மாவாச அண்ணன் மேல ஒண்ணுமில்ல. நான் பொய் சொல்லிட்டேன்.”

அவன் அவளைப் பார்த்தான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். அவன் விடுவிடுவென்று வெளியே போனான், ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து ஆட்டோ திரும்பி வந்தது. பின்சீட்டிலிருந்து கரித்தூள் ஒட்டிய லுங்கியோடு அம்மாவாசை இறங்கினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்பழகன் பொம்மையை முகவாயால் காட்டினான்.

அம்மாவாசை சட்டையை மேலும் கீழும் பார்த்தார். “இத நான் தேச்சேன்னா சொன்ன? காலரப் பாரு, ஆடு மேஞ்சாப்பல இருக்கு.”

“தப்புதான்டா” என்றான் அன்பழகன்.

“அண்ணே, எல்லாம் என்னாலதான்…” என்று நிர்மலா அழ ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரும்மா.” அம்மாவாசை குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் கால் வைத்தார். தொடாதீங்க என்று காவலாளி ஓடிவர, அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்ற ஹேமலதா கைகாட்டிக் காவலாளியை நிறுத்தினாள். அம்மாவாசை விரலை எச்சிலில் நனைத்துக் காலரைப் படிய மடித்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்தித் தேய்த்தார். பொம்மை ஆடியது. அன்பழகன் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்தே எட்டி, ஆடாமல் இருக்க அதன் சட்டித் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.