மைனஸ் மூன்று

ஜாபஸுக்கு ‘முடியாது’ என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. ஆள் நல்லவன்தான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் எதிரில் நிற்பவர் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், தலை தானாக ஆடிவிடும். “உனக்குக் கழுத்துல எலும்பே இல்லையா?” என்று அவன் மனைவி ரெனிதா கேட்காத நாள் கிடையாது.

அவனிடம் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் இருந்தது. ஏலகிரியில் டென்ட் போட்டுத் தங்கும்போது கூடவே கொண்டுபோவதற்காக ஆசை ஆசையாக வாங்கியது. பார்க்கப் பெரிய டிபன் பெட்டி மாதிரி இருக்கும். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் ஓடும். உள்ளே தடுப்பு கிடுப்பு எதுவும் இல்லை, ஒரே அறைதான். மூடிமேல் இரண்டு பொத்தான்கள், நடுவில் சிவப்பாக ஓர் எண். எந்த எண்ணை வைக்கிறோமோ, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் அதே குளிர்தான்.

டிசம்பரில் புயல் அடித்ததே, அன்று காலையில் வெள்ளானூரில் கரண்ட் போனது. செல்போன் டவரும் கூடவே படுத்துவிட்டது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அந்தக் கட்டடத்தில் மொத்தம் நான்கே வீடுகள். முதல் மாடியில் ஹவுஸ் ஓனர் சண்முகசுந்தரமும் எதிர்வீட்டில் கோமளாவும், இரண்டாவது மாடியில் ஜாபஸும் ஜமீலாவும். உயரமான போர்டிகோவில் நின்றதால் ஜாபஸின் கார் மட்டும் தப்பித்தது.

முதலில் வந்தவள் ஜமீலா. கணவன் ஓமனில் இருக்கிறான். இங்கே அவளும் ஒன்பது வயது மகள் அஃப்ரினும்தான். அஃப்ரினுக்கு ஐந்து வயதிலிருந்தே சர்க்கரை. தினம் வேளைக்கு ஒரு ஊசி போட்டால்தான் அந்தக் குழந்தை நடமாட முடியும்.

“அண்ணா, இன்சுலின் ரெண்டு பாட்டில்தான் இருக்கு. ஃப்ரிட்ஜுலதான் வெக்கணும்னு சொல்லியிருக்காங்க. உங்க பெட்டியில கொஞ்சம் எடம் கிடைக்குமா?”

“இது இன்னா கேள்விம்மா? குடு.”

பெட்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். மருந்துக்கு இரண்டிலிருந்து எட்டு வரை என்று போட்டிருந்தது. நாலில் வைத்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியைக் காப்பாற்றினான். உள்ளபடியே அவனுக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு பெட்டி குளிராக இருக்கிறது என்றால் கட்டடத்துக்கே மூக்கு வியர்த்துவிடும் அல்லவா? கோமளா பால் பாக்கெட்டுகளையும் தோசைமாவையும் கொண்டுவந்தாள். மறுநாள் சாயங்காலம் சண்முகசுந்தரம் இரண்டு கிலோ இறாலோடு போர்டிகோவுக்கு இறங்கி வந்தார். புது மாப்பிள்ளை முதல் முறையாக விருந்துக்கு வருகிறார், அதற்கு வாங்கி வைத்தது. இவர் வீட்டு ஃப்ரீசர் உருகி, இறால் லேசாக வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது.

“நாலா? நாலுல வெச்சா நாறிப்பூடும்பா. மைனஸ் பத்து வை.”

“சார், உள்ள மருந்து கீது.”

“மருந்து இருந்தா இன்னா? சில்லுனு இருந்தா மருந்துக்கு நல்லதுதானே?”

ஜமீலா படியில் நின்றிருந்தாள். “ஃப்ரீஸ் ஆகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க சார்” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அடுத்தவர் பெட்டி, அடுத்தவர் பெட்ரோல், இதில் நாம் எங்கே அதட்டிப் பேசுவது என்று நினைத்திருப்பாள், பாவம்.

சண்முகசுந்தரம் சும்மா ஆள் இல்லை. தொழிற்சாலையில் முப்பது வருஷம் யூனியன் பஞ்சாயத்து பேசியவர். இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தீராத சண்டையே கிடையாது என்பது அவர் கட்சி.

“சரி, எனக்கும் வேணாம், உனுக்கும் வேணாம். நான் மைனஸ் பத்து கேக்குறேன், நீ நாலு கேக்குற. நடுவுல மைனஸ் மூணு. மருந்த ஒரு துணியில சுத்தி மேலாக்க வை. அல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கினா முடிஞ்சுது. இன்னாம்மா?”

ஜமீலா ஜாபஸைப் பார்த்தாள். புத்தகத்தைப் படித்தவன் அவன்தான். பெட்டிக்குச் சொந்தக்காரனும் அவன்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜாபஸோ ஹவுஸ் ஓனரைப் பார்த்தான், இறாலைப் பார்த்தான், தலையை ஆட்டினான். அவன் ஆட்டியதைப் பார்த்து அவளும் ஆட்டினாள்.

“உன் டப்பா, உன் காரு. நம்பர் மட்டும் அவருதா?” என்று வீட்டுக்குள் வந்ததும் ரெனிதா பிடித்துக்கொண்டாள். அவன் கேட்காதவன் மாதிரி துண்டைத் தேடினான்.

மூன்றாம் நாள் காலை, இன்ஜினை ஓடவிடப் போனவன் மூடியைத் திறந்தான். இறால் கருங்கல்லாக இருந்தது. பால் பாக்கெட் பலகையாகக் கிடந்தது. துணியைப் பிரித்தான். இரண்டு பாட்டிலிலும் மருந்து வெள்ளையாக உறைந்து நின்றது.

அவசர அவசரமாக எண்ணை நாலுக்கு ஏற்றினான். பாட்டில்களை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் உருகியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தண்ணீர் மாதிரி தெளிவாக, கடையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒன்றும் ஆகியிருக்காது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டான். மனசு நம்பவில்லை. ஆனாலும் போய்ச் சொல்ல அவனுக்குக் கால் எழவில்லை. சொன்னால் மட்டும் என்ன, மருந்துக்கடை எது திறந்திருக்கிறது, தண்ணீரில் எங்கே போவது என்று தனக்குத்தானே நியாயம் வேறு.

அன்று காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானத்துக்கும் ஜமீலா வந்து மருந்து எடுத்துப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பும் எடுத்துப் போனாள். “உங்களாலதாண்ணா” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. அட, அப்போதாவது திறந்திருக்கலாம்!

நான்காம் நாள் காலையில் எதிர்வீட்டிலிருந்து பளாரென்று ஒரு சத்தம். பின்னாலேயே ஜமீலாவின் குரல்.

“எத எடுத்துத் தின்ன? சொல்லு! சுகர் மிசின்ல நம்பரே வரல, ஹைனு காட்டுது. சர்க்கர டப்பாவத் தொட்டியா?”

“நான் எதையும் திங்கலம்மா.”

“பொய் வேற பேசுறியா?” மறுபடியும் ஒரு அறை.

ஜாபஸ் ஓடினான். அஃப்ரின் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். உதடு காய்ந்து, மூச்சு புஸ்புஸ்ஸென்று வாங்கியது. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

“அடிக்காதம்மா! மருந்துதான் கெட்டுப்பூட்சு போல. மொதல்ல கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அவ்வளவுதான் சொன்னான். எப்படிக் கெட்டது, எப்போது தெரியும் என்பதையெல்லாம் விழுங்கிவிட்டான். தெருத்தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்திருந்தது. குழந்தையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, ஆவடி தாண்டி, சி.டி.எச். ரோட்டில் பள்ளம் எது மேடு எது என்று தெரியாமல் உருட்டி, அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

டிரிப்ஸ் ஏற்றிவிட்டு டாக்டரம்மா விசாரித்தார். மருந்தை மைனஸ் மூன்றில் வைத்திருந்ததை ஜமீலா சொன்னாள்.

“மைனஸ்லயா வெச்சீங்க? ஒருதரம் உறைஞ்சா அதோட அந்த இன்சுலின் செத்துப்போச்சும்மா. பாக்க நல்லாத்தான் தெரியும். இந்த மழைக்குளிருக்கு ஃப்ரிட்ஜே வேண்டாமே! ஈரத்துணி சுத்தி மண்பானையில வெச்சிருந்தாலே மூணு வாரம் தாங்கியிருக்குமே. யாரு சார் அந்த நம்பர வெச்சது?”

“அண்ணாவ ஒண்ணும் கேக்காதீங்க டாக்டர். நான்தான் வெக்கச் சொன்னேன்” என்றாள் ஜமீலா.

நாலும் வேண்டாம், பத்தும் வேண்டாம், எந்த எண்ணுமே வேண்டியிருக்கவில்லை. அவள் திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஜாபஸுக்கு.

பிற்பகலில் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், பயமில்லை என்றார்கள். அஃப்ரின் கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினாள்.

“நான் எதையும் எடுத்துத் திங்கலம்மா. இப்பவாச்சும் நம்புறியா?”

ஜமீலா பொங்கிவந்த அழுகையை முந்தானையால் அடைத்துக்கொண்டாள். ஜாபஸால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“நேத்து காலையிலயே ஐஸா கெடந்துச்சும்மா. நான் பாத்தேன். பாத்துட்டும் உன்னாண்ட சொல்லல.”

ஜமீலா நிமிர்ந்து அவனையே பார்த்தாள். காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்தான். துப்பட்டும் என்றுகூட நினைத்தான்.

“சரிண்ணா” என்றாள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். புது மருந்து வாங்கிவரவும், குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போகவும் அவளுக்கு அவன் காரை விட்டால் வேறு வழியில்லை.