பாக்கெட்டில் ஒரு கதவு

தையல் ஆலையில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் அடுத்தடுத்த மெஷின். வீட்டில் இருவரும் எலியும் பூனையும். ஆலையில் மட்டும் ஒருத்திக்கு நூல் அறுந்தால் மற்றவள் கை தானாக நீளும். நாத்தனாருக்கு வாய் அதிகம். அவர்கள் மெஷின் வரிசையான லைனில் அவளுக்குப் பெயரே ‘பட்டாசு’. அண்ணி நேர்மாறு. பேச வேண்டியதையெல்லாம் ஊசியிடம் சொல்லிவிடுகிறவள். மிஞ்சிய வெட்டுத்துணி அவள் கை பட்டால் பறவையாகும், படகாகும்.

அன்று அயர்ன் பகுதியில் ஒயர் கருகிப் புகை கிளம்பியது. எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். அது பூட்டிக் கிடந்தது. அதை அடைத்தபடி ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். திரும்பி முன்வாசலுக்கு முண்டியடித்ததில், பிள்ளைத்தாய்ச்சியான நாத்தனார் கீழே விழுந்தாள். அண்ணி அவள்மேல் கவிழ்ந்து, முதுகில் மிதி வாங்கிக்கொண்டு, எப்படியோ வெளியே இழுத்து வந்தாள். நல்லவேளை, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பின்கதவை ஏன் பூட்டினீர்கள் என்று இரண்டு பெண்கள் மேனேஜரிடம் போய்க் கேட்டார்கள்.

"கதவத் தொறந்து வெச்சா சரக்குக்குக் கால் மொளைச்சிடும்மா. போய் வேலையப் பாருங்க."

கேட்ட இருவருக்கும் மறுநாள் வேலை இல்லை. அதோடு எல்லோர் வாயும் அடைத்துப்போயிற்று. பட்டாசுகூட நமுத்துப்போனாள். அதுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை. சண்டைக்கு வராத நாத்தனார் அவளுக்குப் பழக்கமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் வேலைக்குப் போடும் மேல்சட்டையை மடியில் போட்டு, பாக்கெட்டின்மேல் ஒரு சின்னக் கதவைத் தைத்தாள். பழுப்புத் துணியில் பலகை, மஞ்சள் நூலில் தாழ்ப்பாள். ஒரு பக்கம் மட்டும் தைத்திருந்ததால் கதவு திறந்தது. உள்ளே இளஞ்சிவப்பு நூலில் ஒரு குழந்தைப் பாதம்.

நாத்தனார் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"என்ன அண்ணி இது?"

"நம்ம கம்பெனியில தொறக்குற கதவு ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு."

சிரிக்க ஆரம்பித்தவள் அழுகையில் முடித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தாழ்ப்பாள் கோணலா இருக்கு," என்றாள். அண்ணிக்கு உயிர் வந்தது.

மறுநாள் பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். "எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுக்கா!"

"வெளிய போனா யார்கிட்ட ஓடுவ? அதைச் சொல்லு, உள்ள வெக்கிறேன்," என்றாள் அண்ணி.

ஒருத்தி மூக்குக்கண்ணாடி போட்ட தன் அம்மாவைச் சொன்னாள். இன்னொருத்தி பூனையை. பொத்தான் தைக்கும் பெண் நெளிந்தபடி, "ஒரு சைக்கிள் மட்டும் போதும்க்கா, ஆளு வேணாம்," என்றாள். லைனே அவளை ஓட்டித் தீர்த்தது. அண்ணி சிலருக்குத் தைத்தாள், சிலருக்குச் சொல்லிக்கொடுத்தாள். லைன் முழுக்கக் கதவுகள்.

"என்ன கூத்து இது?" என்று சூப்பர்வைசர் முறைத்தார்.

"பாக்கெட் கிழிஞ்சிடுச்சு சார். ஒட்டுப் போட்டோம்."

"எல்லாருக்குமா?"

"மட்டமான துணி சார்."

ஆலையிடம் சட்டை வாங்கும் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் பார்வையிட வந்தாள். அழகாயிருக்கிறதே என்று குனிந்து நாத்தனாரின் கதவைத் திறந்தாள்.

"யாரோட பாதம்?"

"இன்னும் பொறக்கலைங்க. புகை வந்த அன்னிக்குப் பின்கதவு பூட்டியிருந்துச்சு. பொறக்காமலே போயிருக்கும்."

கூட வந்த மேனேஜர் இருமினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் எழுந்து அவரவர் கதவைத் திறந்து காட்டினார்கள். அண்ணியும் மெஷினைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அந்தக் கதவை நான் பாக்கணும்," என்றாள் வந்தவள்.

பெட்டிகள் அன்றே நகர்ந்தன. உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும்படி பின்கதவை மாற்றினார்கள். வேலை போனவர்களில் ஒருத்தி திரும்பி வந்தாள். மற்றவள், கூப்பிட்டும் அந்தப் பக்கமே தலை வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். எல்லாம் யார் கைவேலை என்று மேனேஜருக்குத் தெரியாமலா இருக்கும்? அண்ணியை மெஷினிலிருந்து எழுப்பி, மூலையில் நூல்பிசிறு வெட்டும் மேசைக்கு அனுப்பினார்.

சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தாள். அண்ணியின் தலையில் ஒட்டியிருந்த பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"எங்கண்ணனக் கட்டிக்கிட்டு இன்னும் என்னெல்லாம் படப்போறீங்களோ."

"உங்கண்ணன் பரவாயில்ல. உன்னையும் சேர்த்துல்ல கட்டிக்கிட்டேன்!"

"வாய் முளைச்சிடுச்சு உங்களுக்கு," என்று நாத்தனார் செல்லமாகக் குட்டினாள். தலையில் பிசிறு தீர்ந்தபிறகும் அவள் கை அங்கிருந்து எழவில்லை.