பதிலாள்

ஒச்சாயி வரப்பில் ஏறாமல் பருத்திச் செடிகளுக்கு நடுவிலேயே ஓடினாள். காட்டின் மறுகோடியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த ஜெயக்கொடி காலடிச் சத்தம் கேட்டும் நிமிரவில்லை.

"அக்கா, அவுகளுக்கு முடியலை. பொழுது சாயுற வரைக்கும் தாங்குறதே கஷ்டம்னு வைத்தியரு சொல்லிட்டாரு. ஒங்களப் பாக்கணுங்கிறாக."

"என்னைய எதுக்கு?"

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

ஜெயக்கொடி ஒரு புல்லை வேரோடு பிடுங்கி மண்ணை உதறினாள்.

என்ன சொல்ல வேண்டும் என்பது ஒச்சாயிக்குத் தெரியும். பல வருஷங்களுக்கு முன்னால், கண்மாய் வற்றிய ஒரு பங்குனியில், மடைத் தகராறில் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் மண்வெட்டியால் அடிபட்டுச் செத்தான். அடித்தவன் ஒச்சாயியின் புருஷன் பேயாண்டி. போலீஸ் வந்தபோது அவனுடைய அண்ணன் சுருளி முன்னால் வந்து நின்று, "நான்தான் அடிச்சேன்" என்றான். அப்போது ஒச்சாயி பிள்ளையுண்டாகியிருந்தாள். சுருளிக்குப் பிள்ளை கிடையாது, பெண்டாட்டி ஜெயக்கொடி மட்டும்தான். வெள்ளைக்கார ஜட்ஜ் தூக்கு என்று எழுதினார். மதுரை ஜெயிலில் காரியம் முடிந்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளையும் அம்மை கண்டு, பேர் வைக்கும் முன்பே போய்விட்டது.

பிறகு ஊருக்கு உபதேசியார் வந்தார். எல்லாருடைய பாவத்துக்கும் பதிலாக ஒருவர் சிலுவையில் செத்த கதையைப் புளியமரத்தடியில் சொன்னார். மற்றவர்கள் கதையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். பேயாண்டி மட்டும் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான். சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தும் ஞானஸ்நானம் வாங்கினான்.

"உன் பாவத்தை அவர் சுமந்து தீர்த்துட்டார். நீ செஞ்சு தீர்க்க வேண்டியது ஒண்ணுமில்லை" என்றார் உபதேசியார்.

"செய்யுறதுக்கு ஒண்ணுமே இல்லையா அய்யா?" என்று கேட்டான் பேயாண்டி. அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. மறுநாளும் தன் காட்டை விட்டுவிட்டு ஜெயக்கொடியின் காட்டைத்தான் முதலில் உழுதான்.

"மம்பட்டிய எடுத்தது ஒன் புருசன்தான்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஜெயக்கொடி, பிடுங்கிய புல்லை வரப்பில் எறிந்துவிட்டு. "ஜெயில்ல கடைசியாப் பாக்கப் போனன்னைக்கே எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா அக்கா பேசாம இருந்தீக?"

"வேற என்ன சொன்னாருன்னு கேளு. மொதல்ல தைரியமாத்தான் இருந்தாரு. தூக்குன்னு ஆனதும் பயம் வந்துருச்சு. கம்பியப் பிடிச்சுக்கிட்டு, 'தம்பி வருவான், வந்து உள்ளதச் சொல்லிருவான், பாரேன்'னாரு. யாரு நடந்து வந்தாலும் தம்பிதான்னு எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாரு."

ஒச்சாயி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நாட்களில் உள்ளதைச் சொல்ல டவுனுக்குக் கிளம்பி வாசல்வரை போன பேயாண்டியின் காலைக் கட்டிக்கொண்டு, "வகுத்துல கெடக்குறதுக்கு யாரு இருக்கா?" என்று அழுதவள் அவள்தான்.

"ஒருத்தரு உசுரக் குடுத்தா இன்னொருத்தரு பாவம் தீந்துரும்னு ஒங்க உபதேசியாரு சொல்றாராமே. குடுக்கிறவுக பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு அந்த வேதத்துல இருக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.

வீட்டில் உபதேசியார் தலைமாட்டில் உட்கார்ந்து வேதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். காமாலையில் மஞ்சள் பூத்த பேயாண்டியின் கண்கள் வாசலிலேயே இருந்தன.

"மதினி வந்தாகளா?"

"பின்னாடி வாராக" என்றாள் ஒச்சாயி. வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "களைய முடிச்சிட்டு வாரேன்னாக."

அவன் முகம் தெளிந்தது. தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னான்.

"பேயாண்டி, மனுஷர் வந்துதான் மன்னிக்கணும்னு இல்லை. உனக்கு எப்பவோ மன்னிப்பு ஆயிருச்சு. நம்புறியா?" என்றார் உபதேசியார்.

"நம்புறேன் அய்யா. மதினி வரட்டும்."

தெருவில் யாரோ மாடு ஓட்டிப் போனார்கள். அவன் தலையைத் தூக்கினான். தண்ணிக் குடத்தோடு ஒருத்தி போனாள். அதற்கும் தூக்கினான். ஒவ்வொரு தடவையும் ஒச்சாயியைப் பார்த்தான். இன்னும் வரவில்லை என்று அவள் தலையை அசைத்தாள். பிறகு பார்க்க முடியாமல் எழுந்து, அடுப்பு எரியாத அடுப்படியில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று திரும்பி வந்தபோது அவன் இன்னும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்குள் தலை தூக்குவது நின்றது. உபதேசியார் குனிந்து பார்த்துவிட்டு இமைகளை மூடினார்.

மறுநாள் காலையில், கண்மாய்க்கரைக்கு அப்பால் வேதக்காரர்களுக்கென்று விட்டிருந்த மேட்டில் குழி வெட்டினார்கள். பங்காளிகள் யாரும் வரவில்லை. பெட்டியை இறக்கும் நேரத்தில் ஜெயக்கொடி வந்து ஓரமாக நின்றாள். ஒச்சாயி அவளைக் கட்டிக்கொண்டு அழ ஓர் அடி எடுத்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"விலை கொடுத்து மீட்கப்பட்ட உமது பிள்ளையை உம்மிடம் ஒப்புவிக்கிறோம்" என்று ஜெபித்தார் உபதேசியார். பிறகு ஒவ்வொருவராக மண் போட்டார்கள். ஜெயக்கொடியும் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். குழிக்கு மேல் கையை நீட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை விரியவில்லை. கையை அப்படியே இழுத்துக்கொண்டாள்.

குழி மூடியது. ஆட்கள் கலைந்தார்கள். ஜெயக்கொடி மூடிய கையோடு கரைமேல் முன்னால் நடந்தாள். விரலிடுக்கில் மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே போனது. பின்னால் வந்த ஒச்சாயி, அதன்மேல் கால் பட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள்.