மூன்றாம் நாள் ஒலித்த தட்டு

குழந்தை அழவில்லை என்பதைப் பத்தேரிதான் முதலில் கவனித்தாள். பிறந்து மூன்றாம் நாள். காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. பாதம் சில்லிட்டு, முகம் மஞ்சள் பூசியதுபோல் இருந்தது. பெற்றவள் ராஜ்வந்தி, பத்தேரியின் ஓரகத்தி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூன்றாவதும் பெண் என்ற வெட்கம் அவளைப் பேசவிடவில்லை.

மாமியார் எருமைக்குத் தவிடு கலந்தபடியே சொன்னாள்: “வெயில்ல கொஞ்சம் காட்டு. பொட்டப்புள்ளைங்களுக்கு உசுரு கெட்டி.”

பத்தேரியின் மகன் லேசாக இருமியதற்கு இதே மாமியார் செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். கெட்டவளில்லை. அவளுடைய அன்பு ஒரே பக்கமாக ஓடிப் பழகிவிட்டது. பத்தேரிக்கு அது புதிதல்ல. அவள் பெயருக்கே ‘போதும்’ என்றுதான் அர்த்தம். பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீட்டில் கடவுளுக்குச் சேதி சொல்ல வைத்த பெயர்.

வீட்டு ஆண்கள் கடுகு விற்க ரோத்தக் சந்தைக்குப் போயிருந்தார்கள். எதிர்வீட்டு ராம்பல் மாமாவிடம் ஜீப் இருந்தது. ஆனால் அவர் மாமனாருக்குத் தம்பி முறை; மாமனார் முறை ஆண்களுக்கு மருமகள்கள் முகம் காட்டாத ஊர். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் எதிரே அவள் முக்காட்டை விலக்கியதில்லை, வாய் திறந்ததுமில்லை.

பத்தேரி குழந்தையைத் தன் சட்டைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டாள். ‘தாயே, தப்பா இருந்தா மன்னிச்சிடு’ என்று மனசுக்குள் சொல்லி, ஆணியில் தொங்கிய வெண்கலத் தட்டை எடுத்தாள். ஆண் பிறந்தால் மட்டும், தெருவுக்குச் சேதி சொல்லத் தட்டுகிற தட்டு. வாசலில் நின்று கரண்டியால் தட்டினாள்.

தெருவே வெளியே வந்தது.

“இவங்களுக்குப் பொண்ணுன்னுல்ல சொன்னாங்க?”

“ரெட்டையா இருக்கும். பையன் இப்பதான் வந்திருப்பான்.”

“மூணு நாள் கழிச்சா? எருமைகூட அப்படிப் போடாதுடி.”

ராம்பல் வெல்லக்கட்டியோடு சிரித்துக்கொண்டே வந்தார். பத்தேரி முக்காட்டைத் தூக்கினாள்.

“பையன் இல்ல மாமா. அதே பொண்ணுதான். சில்லுனு கிடக்கு. வண்டி வேணும்.”

“புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?” என்று மாமியார் பின்னாலிருந்து கத்தினாள்.

ராம்பல் மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலைகுனிந்தார். வெல்லத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நின்றார். பிறகு அதைத் தட்டிலேயே வைத்தார்.

“சத்தம் கேட்டு வந்தாச்சு. ஏறு, மருமவளே.”

ராஜ்வந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, தட்டை வாங்கி மடியில் வைத்தபடி ஏறினாள். ஜீப் கிளம்பும்போது மாமியார் ஓடிவந்து, தன் போர்வையை உள்ளே திணித்தாள். யார் முகத்தையும் பார்க்காமலே, “காத்து படாம மூடு” என்றாள்.

மேடுபள்ளத்தில் வெல்லக்கட்டி குதித்துக் குதித்துத் தட்டில் மெல்ல ஒலித்தது. போர்வைக்குள், பத்தேரியின் மார்பில், எறும்பு ஊர்வதுபோல ஒரு சின்ன வாய் எதையோ தேடியது.