கடைசி வரிசையில் திறந்த வாய்

அடி அண்ணாமலையில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஜாஹிரா, தன் பின்னப் பாடத்தை எட்டு நிமிட வீடியோவாக எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். மாலை பஸ் ஏறுவதற்குள் நாற்பது கட்டைவிரல்கள் வந்து விழுந்துவிட்டன. "சூப்பர் டீச்சர்", "அருமை", நடுவில் யாரோ அனுப்பிய ரோஜாப்பூ வேறு. பாதிப் பேர் வீடியோவைத் திறந்தே இருக்கமாட்டார்கள். அது ஜாஹிராவுக்கும் தெரியும். மூன்று வருடமாக அவளும் அப்படித்தான் பூ அனுப்பிக்கொண்டிருந்தாள்.

செங்கம் பக்கத்து ஆசிரியர் மணிவேல் மட்டும் நீளமாக எழுதியிருந்தார்.

"படம் வரைஞ்சு காட்டினது நல்லா புரியுதுங்க டீச்சர். நாலாவது நிமிஷத்துல, மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசான்னு கேக்கறீங்க. உடனே நீங்களே பதிலும் சொல்லிடறீங்க. கடைசி வரிசைல ஒரு பொண்ணு வாயத் திறந்துச்சு. அது என்ன சொல்ல வந்துச்சுங்க?"

ஜாஹிராவுக்குச் சுருக்கென்றது. இருநூறு பேர் பார்க்கிற இடத்தில் மானத்தை வாங்கிவிட்டாரே!

"அந்த குரூப்பே வேணாம், வெளிய வந்துடறேன்," என்றாள் வீட்டுக்குள் நுழைந்ததும்.

கணவர் நசீருதீன் போனை வாங்கி வீடியோவைப் பார்த்தார். "யாரு இந்தப் பொண்ணு?"

"கவிநிலா. அது வாயே திறக்காதுங்க."

"இதுல திறக்குதே."

ஜாஹிராவும் பார்த்தாள். திறந்த வாய் மெல்ல மூடிக்கொண்டதையும் பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. ஜூன் மாதத்திலிருந்து எத்தனை தடவை இப்படி மூடியதோ என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் நெளிந்தார்கள். பதிலைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு நாக்கு துடித்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

"மூணுல ஒண்ணுதான் டீச்சர் பெருசு," என்றாள் கவிநிலா. "பௌர்ணமிக்கு எங்கம்மா கிரிவலப் பாதைல தர்பூசணி விப்பாங்க. ஒரு பழத்த ஜாஸ்தி துண்டு போட்டா, துண்டு சின்னதாயிடும்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஜாஹிராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மதிய இடைவேளையில் குழுவில் எழுதினாள். கவிநிலா சொன்னதை அப்படியே போட்டுவிட்டு, கீழே சேர்த்தாள்:

"மணிவேல் சார், ரொம்ப நன்றிங்க. பூ அனுப்ப ஒரு நொடி போதும். நீங்க எட்டு நிமிஷம் உக்காந்து பார்த்துட்டுச் சொன்னீங்க பாருங்க, அதுதான் சார் மரியாதை. நாம ஒருத்தருக்கொருத்தர் கத்துக்கணும்னா மொதல்ல பார்க்கணும். இனிமே நான் பார்க்காம யாரையும் பாராட்ட மாட்டேன்."

போன வாரம் மணிவேலும் ஒரு பாடம் போட்டிருந்தார். அதன் கீழே ஜாஹிரா அனுப்பிய ரோஜாப்பூ அப்படியே இருந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, அந்த வீடியோவை முதல்முறையாகத் திறந்தாள்.