எண்பத்திரண்டு சதவீதம்

"ஆச்சுங்களா சார்?" என்று குமாரசாமி கேட்டது அன்று காலையில் ஐந்தாவது தடவை. ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றிவிட்டு, அறைக் கதவுக்கு வெளியிலேயே நின்று கேட்பார். கொஞ்சம் அதட்டிக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு எரிந்து விழுந்திருப்பேன். கோபிசெட்டிபாளையத்துக்காரர்களிடம் அந்த வசதி கிடையாது.

"இன்னும் பத்து நிமிஷமுங்க," என்றேன். ஒன்பது மணிக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

அது பங்காரம்மாவின் ஹேச்சரி. முட்டைகளை அடுக்கிச் சூடேற்றிக் குஞ்சு பொரிக்க வைக்கும் நான்கு பெட்டிகள், ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு. குமாரசாமி அங்கே சூப்பர்வைசர். பெட்டிகளின் சூட்டைக் கணினிக்குக் கொண்டுவந்து, அளவு மீறினால் சைரன் ஊதும் புரோகிராமைப் பத்து வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்தவன் நான். என் பெயர் வின்ஸ்டன். கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் என் அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்றால் நானும் ஒரு மேஜையும்.

போன வாரம் இடி விழுந்து பழைய கணினி செத்துப்போனது. பங்காரம்மா ஈரோட்டிலிருந்து ஒரு செகண்ட் ஹேண்ட் கணினி வாங்கி வைத்தார். அதில் என் புரோகிராம் ஓட மறுத்தது. பெட்டிகளோடு கணினி பேசுவதற்கு நெட்வொர்க் லைப்ரரி என்ற ஒரு துணைப் புரோகிராம் வேண்டும். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருப்பது. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நம் கணினிக்கு ஏற்றபடி நாமேதான் கம்பைல் செய்து, அதாவது ஓடுகிற வடிவத்துக்கு மாற்றி, எடுத்துக்கொள்ள வேண்டும். என் அலுவலகத்தில் செய்து பென் டிரைவில் கொண்டுவந்தது இங்கே ஓடவில்லை. லேப்டாப் போன மாதமே காபி குடித்துச் செத்துவிட்டது. ஆகவே இந்தக் கணினியிலேயே முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒரு எரரைச் சரி செய்தால் அதன் பங்காளிகள் நாலு பேர் வந்தார்கள். ஒரு கோப்பைக் காணோம் என்றது. கொண்டுவந்து வைத்தேன். வேறு வெர்ஷன் வேண்டும் என்றது. அதையும் வைத்தேன். உடனே ஆன்டிவைரஸ் பாய்ந்து வந்து, இது திருட்டுப் பயல் என்று தூக்கிப்போட்டது. மூன்று நாளைக்கு முன்பே அந்த லைப்ரரிக்காரர்களின் தளத்தில், நாலு இடத்தில் 'தயவுசெய்து' போட்டுக் கேள்வி கேட்டிருந்தேன். ஒரு ரோபோ வந்து, இது ஏற்கெனவே கேட்ட கேள்வி என்று கதவைச் சாத்திவிட்டுப் போனது. ரோபோவிடம் போய் யார் மல்லுக்கட்டுவது?

இந்த மூன்று நாளும் சைரன் வேலையைக் குமாரசாமிதான் செய்தார். அரை மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரோடு நான்கு பெட்டிகளையும் சுற்றினார், ராத்திரியும் பகலும். மூன்றாம் நம்பர் பெட்டியில் நாட்டுக்கோழி முட்டைகள். மறுநாள் பொரிக்க வேண்டியவை. பெட்டியின் கண்ணாடியில் காதை வைத்தால் உள்ளே கீச்சுச் சத்தம் கேட்கும் என்று என்னைக் கூட்டிப்போய்க் கேட்க வைத்தார். கேட்டது. அவர் கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

பதினொரு மணிக்கு கம்பைல் ஓட ஆரம்பித்தது. எரர் இல்லை. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று திரையில் எண்கள் ஏறின. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏனுங்க குமாரசாமி, முடிஞ்ச மாதிரிதான். நீங்க ஊட்டுக்குப் போயி நல்லாத் தூங்குங்க. போனை ஆஃப் பண்ணிப்போட்டுப் படுங்க, நான் இருக்கறேன்."

"நெசமாத்தானுங்களா சார்?"

"நெசமாத்தானுங்க."

மனிதர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணினி ஆமைக்குத் தம்பி. பன்னிரண்டு மணிக்கு எண்பத்திரண்டு சதவீதம். அப்போதுதான் பங்காரம்மா சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். பின்னால் வேலைக்காரர்கள் பூவும் வாழைக்கன்றும் எடுத்து வந்தார்கள். அன்று ஆயுத பூஜை. காலையிலிருந்து வெளியே கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது இந்த அறைக்குள்ளும் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் முதலில் என்னிடம் ஒரு தூக்குப்போசியை நீட்டினார். "சுண்டலும் பொரியுமுங்க தம்பி. நீங்க சாமிக்குப் படைச்சதச் சாப்புடுவீங்களோ மாட்டீங்களோன்னு, படைக்கறதுக்கு முன்னாலயே உங்குளுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன்."

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். இவ்வளவு யோசித்து எனக்கு யாரும் சுண்டல் கொடுத்ததில்லை.

"அப்பறம், இதை ஆஃப் பண்ணிருலாமுங்களா? பெட்டிகளுக்குள்ள உசுரு இருக்குது, நிறுத்த முடியாது. மத்ததெல்லாம் பூசையில வெச்சாச்சு. நாளைக்குக் காலையில சூடம் காட்டிட்டு எடுத்துக்கலாம்."

"ஒரு அரை மணி நேரமுங்கம்மா…"

"ஒரு நாளு ரெஸ்ட் குடுங்க தம்பி. வருசம் பூரா உழைக்குதல்லங்க."

அந்தக் கணினி அங்கே வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதுவும் இதுவரை ஒரு வேலையும் செய்ததில்லை. ஆனால் நான் என்ன சொல்வது? வேறு யாராவது 'வேண்டாம்' என்றால் அது வெறும் வேண்டாம். வின்ஸ்டன் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். அதுவும் கையில் அந்தத் தூக்குப்போசியோடு. சைரன் இன்னும் வேலை செய்யவில்லை என்பதையாவது சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து 'பத்து நிமிஷம், பத்து நிமிஷம்' என்று சொன்ன வாயால் அதையும் சொல்ல வரவில்லை.

"சரிங்கம்மா. பெட்டிகளை நான் பாத்துக்கறேன்," என்றேன்.

திரை அணைந்தது. கணினிக்கு மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், மேலே ஒரு முழம் பூ. பூசணிக்காய் உடைத்துவிட்டு எல்லோரும் ஊருக்குள்ளிருக்கும் பங்காரம்மாவின் அரிசி மில்லுக்குக் கிளம்பினார்கள். அடுத்த பூஜையும் சாப்பாடும் அங்கே.

நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டேன். இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. மூன்றாவது சுற்றில், இரண்டு மணி இருக்கும், மூன்றாம் நம்பர் பெட்டி நூற்றியிரண்டு டிகிரி காட்டியது. தொண்ணூற்றெட்டரையில் இருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். நூற்றியிரண்டரை.

அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. பத்து வருடமாக நான் சைரனை ஊத வைத்திருக்கிறேன். ஊதிய பிறகு ஓடிவருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

குமாரசாமிக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். நான்தானே சொன்னேன். அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. பங்காரம்மாவுக்குப் போட்டேன். மணி பக்கத்து அறையிலிருந்தே கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால், ஸ்பேனர்களுக்கும் நோட்டுப் புத்தகங்களுக்கும் நடுவில், சந்தனப் பொட்டு வைத்த அவருடைய போன் அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டுக்கு ஓடினேன். ஒரு ஆள் இல்லை. திரும்பி ஓடிவந்தேன். நூற்றிமூன்று.

எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். பெட்டியின் கதவு இரண்டையும் விரியத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. கீச்சுச் சத்தம் குப்பென்று பெரிதாகக் கேட்டது. சில முட்டைகளில் சிறு ஓட்டை விழுந்து, அலகு நுனி தெரிந்தது. நான் துண்டால் விசிறினேன். அரை மணி நேரம், தோள் கழன்று போகும் வரை விசிறினேன். "ஆண்டவரே, ஆண்டவரே" என்று வாய்விட்டுக் கதறியதாக ஞாபகம். சூடு தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது. கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை சூடு ஏறும்போதெல்லாம் மறுபடியும் திறந்து விசிறினேன். காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் வந்த குமாரசாமி பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். உள்ளே காற்றைச் சுற்றிவிடும் விசிறியின் பெல்ட் கழன்று தொங்கியது. கையாலேயே மாட்டினார். இரண்டு நிமிட வேலை.

"கதவை எத்தன நேரமுங்க தெறந்திருந்தீங்க?"

சொன்னேன். அவர் பெட்டியின் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு, "ஈரம் போயிருந்தாத்தான் கஷ்டமுங்க. பாக்கலாமுங்க சார், வெசனப்படாதீங்க," என்றார்.

விஜயதசமி காலையில் அவர் மூன்றாம் நம்பரைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்சம் குஞ்சுகள் ஈரமுடியோடு தள்ளாடி நின்றன. முக்கால்வாசி முட்டைகளில் அலகு வெளியே நீட்டியபடி நின்றுபோயிருந்தது. ஓட்டுக்குள் இருக்கும் ஜவ்வு காய்ந்து குஞ்சைச் சேர்த்துப் பிடித்துவிட்டது. குமாரசாமி ஒன்றை எடுத்து நகத்தால் மெதுவாக உரித்தார். அது அசையவில்லை. இன்னொன்றை எடுத்தார்.

"என்னாலதானுங்க," என்றேன்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க," என்றார் பங்காரம்மா. அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை. திட்டியிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அம்மாள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அவர் கணினிக்குச் சூடம் காட்டிவிட்டு, "நல்ல நேரந்தான், ஆரம்பிங்க தம்பி," என்றார்.

ஆரம்பித்தேன். எண்பத்திரண்டிலிருந்து பிடித்துக்கொண்டது. ஒன்பது நிமிடம். ஒரு எரர் இல்லை. நூறு.

புரோகிராம் திறந்து, நான்கு பெட்டிகளும் திரையில் வந்தன. மூன்றாம் நம்பர்: தொண்ணூற்றெட்டு புள்ளி ஐந்து. பச்சை நிறம். எல்லாம் சரி என்று காட்டியது.

குமாரசாமி கதவுக்கு வெளியே வந்து நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார். ஓட்டோடு கிடந்தவற்றைக் கொட்டிய தட்டு இடுப்பில் இருந்தது.

"ஆச்சுங்களா சார்?"

"ஆச்சுங்க," என்றேன்.