தெளியவிட்ட எண்ணெய்

அக்கா வீட்டுக் கொட்டிலின் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்து, பம்பின் காற்றுப் போக்கும் ஆணியை அரைச் சுற்றுத் தளர்த்தியபோதுதான் குகதாசனின் சட்டைப்பையில் போன் நடுங்கியது. ஆணிக்குக் கீழே பிடித்திருந்த ஜாம் போத்தலுக்குள் எண்ணெய் துப்பித் துப்பி விழுந்துகொண்டிருந்தது. காற்று முழுக்கப் போய், எண்ணெய் நூல்போல் இறங்கத் தொடங்கினால் ஆணியை இறுக்கிப் பொத்தானை அமுக்கலாம். வீட்டைச் சூடாக்கும் புதுப் பொயிலர் பற்றிவிடும். எண்ணெய்க் கையோடு போனைத் தொடவேண்டாம் என்று நினைத்தவன், அக்காவின் பெயரைக் கண்டதும் எடுத்தான்.

“தம்பி, அவர் போயிட்டார்,” என்றாள் சுசிலா ஆஸ்பத்திரியிலிருந்து. “விடியக்காலமை. நித்திரையிலயாம்.”

அவள் போனை வைக்கவில்லை. இவனும் வைக்கவில்லை. எண்ணெய் நூல்போல் இறங்கி, போத்தல் நிரம்பி, விளிம்பால் வழிந்தது. அத்தான் செத்த செய்தியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு குகதாசன் ஆணியை இறுக்கினான். மனுசர் போனாலும் ஆணி இறுக்கத்தான் வேண்டும். பிறகு சுவிச்சை நிறுத்திவிட்டு, அங்கேயே தரையில் இருந்தான்.

அத்தான் சுந்தரராஜன் ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு மாறி வந்தவர். தோட்டம் வேண்டும் என்று ஹரோவுக்கும் அப்பால், வயல்வெளி தொடங்குகிற ஒழுங்கையில் வீடு வாங்கினார். கவுன்சில் கணக்கில் அது லண்டன்தான். காஸ் குழாய்தான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வீட்டின் பழைய எண்ணெய்ப் பொயிலர் ஐப்பசியில் உயிரை விட்டது. மார்கழியில் அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சு முழுக்கப் புற்று, இனிச் செய்ய ஒன்றுமில்லை, கடைசி நாட்களுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். ஆனால் தை மாதக் குளிரில், சூடு இல்லாத வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்றும் சொன்னார்கள். ஆகவே அத்தான் வீடு திரும்புவது மைத்துனன் குகதாசனின் கையில் வந்து நின்றது. பொயிலர் வேலையை ஜேர்மனியில் முறையாகப் படித்தவன் சொந்தத்துக்குள் அவன் ஒருவன்தான். அந்தப் பெருமையை அவன் அளவுக்கு மிஞ்சியே அனுபவித்திருந்தான்.

நேற்று மத்தியானம் லொறி வந்து தாங்கியை நிரப்பியது. மண்ணெண்ணெய். யாழ்ப்பாணத்தில் போத்தலோடு வரிசையில் நின்று வாங்கிய சாமானை, நெருப்பணைக்கும் படையின் குழாய் மாதிரி ஒன்றால் வெள்ளைக்காரன் விசிலடித்தபடி ஊற்றினான்.

“இப்ப மூட்டினா அவரைப் பின்னேரமே கொண்டுவரலாம்,” என்றாள் சுசிலா.

குகதாசன் மறுத்துவிட்டான். ஊற்றின எண்ணெய் கலங்கியிருக்கும். அழுக்கும் தண்ணீரும் அடியில் படியவேண்டும். ஓர் இரவு தெளியட்டும்.

“அத்தான் வந்து படுத்தாப்பிறகு நிண்டுபோச்செண்டா என்ன செய்வாய்? நாளைக்குக் காலமை, அக்கா. அத்தான் எங்க ஓடப்போறார்.”

அதைப் பகிடியாகத்தான் சொன்னான்.

செய்தி வந்த அன்று பின்னேரமே சனம் வந்து வீடு நிறைந்தது. ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை. ஒப்பாரி வைத்தவர்களின் வாயிலிருந்து புகை வந்தது. கரண்ட் ஹீட்டர்களை ஒன்றாகப் போட்டதில் பியூஸ் போய், சாமிப்படத்து லைற்றும் அணைந்தது. குகதாசன் கொட்டில் பக்கம் நடக்க, அத்தானின் தமையன் விஜயரத்தினம் குறுக்கே வந்தார். ஹரோவில் எந்தச் செத்தவீட்டிலும் முறை பிழைக்காமல் பார்த்துக்கொள்பவர்.

“எங்க போறீர்?”

“பொயிலரை மூட்டப்போறன் அண்ணை.”

“பிரேதம் எடுக்கமுந்திச் செத்தவீட்டில அடுப்பு மூட்டுறதோ?”

“இது அடுப்பில்லை அண்ணை. இதில சோறு வேகாது.”

“நெருப்பு எரியுமோ எரியாதோ?”

“எரியும்.”

“எண்ணெயிலதானே எரியுது?”

“ஓம்.”

“பிறகென்ன கதை.”

ஜேர்மனியில் படித்த படிப்பில் துடக்குத் தீட்டைப் பற்றி ஒரு பாடமும் இருக்கவில்லை.

“அப்ப உங்கட வீட்டில ஆரும் செத்தா காஸ் ஹீட்டிங்கை நிப்பாட்டுவீங்களோ பெரியப்பா?” என்று கேட்டாள் அத்தானின் மகள் கிரிஜா.

“அது ஏற்கெனவே எரியிறது பிள்ளை. இது புதுசா மூட்டுறது.”

அதில் ஒரு நியாயம் இருந்ததுதான் குகதாசனை வருத்தியது.

சுசிலா முன் அறையில், அத்தானின் கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்தாள். அவளுக்கு முட்டு வருத்தம்; குளிர் பட்டால் நெஞ்சு இழுக்கும். குகதாசன் பக்கத்தில் குந்தினான்.

“அக்கா, நீ ஓமெண்டு சொன்னா மூட்டுறன். அண்ணையோட நான் கதைக்கிறன்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“நேற்றுச் சொன்னனான்தானே.”

எந்த இடத்துக்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் என்று குகதாசனுக்குச் சொந்தத்துக்குள் பெயர். அன்றைக்குத் துழாவிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. எழும்பி, குசினிக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பைகளைக் கழுவினான்.

ஊரில் என்றால் அடுத்த நாளே எல்லாம் முடிந்திருக்கும். லண்டனில் பிரேதமும் அப்பொயின்மென்ற் எடுத்துக் காத்திருக்க வேண்டும்; எரிக்கும் இடத்தில் அந்தக் கிழமை நாள் கிடைக்கவில்லை. சொந்தக்காரர் வீடுகளிலிருந்து வந்த சோறு வழியிலேயே விறைத்தது. குகதாசன் தினமும் வந்தான். சுசிலா தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள், கதைக்கவில்லை. குசினிவரைக்கும் அவளுடைய நெஞ்சு இழுக்கும் சத்தம் கேட்டது. கிரிஜா தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கெஞ்சியும், அவர் கடைசியாய் வந்து போகுமட்டும் இந்த வீட்டைவிட்டு அசையமாட்டேன் என்றுவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம், செவன் கிங்ஸிலிருந்து முழு லண்டனையும் குறுக்கறுத்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளையின் பல் கிடுகிடுத்ததால் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். கதவு சாத்தப்பட்ட பிறகும் சுசிலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சனம் நிக்குதில்லை,” என்றாள். “அவருக்கு ஆக்கள் இருந்து கதைக்கோணும்.” பிறகு குகதாசனைப் பார்த்து, “மூட்டு,” என்றாள்.

“சுசிலா, முறையெண்டு ஒண்டு இருக்கு,” என்று விஜயரத்தினம் தொடங்கினார்.

“குற்றம் வந்தா எனக்கு வரட்டும்.”

குற்றம் நடப்பதை நேரில் பார்க்க விஜயரத்தினமும் கொட்டிலுக்கு வந்தார். சுசிலா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். குகதாசன் தாங்கியின் வால்வைத் திறந்து, பொத்தானை அமுக்கினான். மோட்டர் உறுமியது, உறுமியதோடு சரி. சிவப்பு லைற் விழுந்தது.

“திரும்ப அமத்துமன்,” என்றார் விஜயரத்தினம், முறையை மறந்து.

“உடன அமத்தக்கூடாது அண்ணை. எரியாத எண்ணெய் உள்ளுக்க நிக்கும். அந்தரப்பட்டுத் திருப்பித் திருப்பி அமத்தினா, பிடிக்கேக்க ஒரேயடியாப் பிடிக்கும். பிறகு இதே ஒழுங்கையில ரெண்டாவது செத்தவீடு.”

விஜயரத்தினம் ஒரு அடி பின்னுக்குப் போனார். குகதாசன் மறுபடி தரையில் படுத்து, ஆணியைத் தளர்த்தினான். மிச்சக் காற்று துப்பியது. காத்திருந்தான். சுசிலாவின் மூச்சு விசிலடித்தது.

“எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான் பாத்துக்கொண்டு கிடப்பியோ?” என்று கேட்டாள்.

“ஓம் அக்கா.”

“எண்ணெயையும் தெளியவிடுவியோ? எல்லா வீட்டிலயும்?”

“ஓரிரவு. எல்லா வீட்டிலயும்.”

அவள் உள்ளே போகவில்லை.

அடுத்த முறை பிடித்தது. இரும்புக்குள் கனத்த இரைச்சல் ஒன்று எழுந்து நிலைத்தது. குகதாசன் புகைக்குழாயில் மானியைச் செருகி, நஞ்சுக்காற்று இல்லை என்று உறுதியான பிறகுதான் நிமிர்ந்தான். வீட்டுக்குள் ரேடியேற்றர்கள் ஒவ்வொன்றாக முனகிச் சூடேறின. அன்றைக்கு வந்தவர்கள் கோட்டைக் கழற்றினார்கள். முன் அறையில் சூட்டுக்குக் கிட்டவாக இருந்த கதிரையை விஜயரத்தினம் பிடித்துக்கொண்டு, தம்பி சின்ன வயதில் செய்த குழப்படிகளைச் சொல்லச் சொல்ல, சனம் சிரித்தது. சுசிலாவும் ஓரிடத்தில் சிரித்து, உடனே வாயைப் பொத்தினாள்.

கிரியை நாள் காலை. எரிக்கக் கொண்டுபோகமுன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, முன் அறையில் வைப்பதாக ஏற்பாடு. கதிரைகளை வெளியே எடுத்து, வெள்ளைச் சீலை விரித்திருந்தது. கிரிஜா போனைக் கையால் பொத்திக்கொண்டு குசினிக்கு வந்தாள்.

“மாமா, பியூனரல் டிரெக்டர். அப்பாவை வைக்கிற ரூமில ஹீட்டிங்கை ஓப் பண்ணட்டாம். கூலா இருக்கோணுமாம். ஏனெண்டா...”

“விளங்குது பிள்ளை. நான் பாக்கிறன்.”

குகதாசன் முன் அறையில் முழங்காலில் இருந்து, ரேடியேற்றரின் குமிழைத் திருகினான். முழுக்க மூடிய பிறகும் இன்னொரு முறை திருகிப் பார்த்தான். பின்னால் சுசிலா வந்து நின்றாள்.

“பூட்டியிட்டியோ?”

“ஓம் அக்கா. ஆறக் கொஞ்ச நேரம் எடுக்கும்.”

அவள் வெள்ளைச் சேலையை ஒதுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் இருந்தாள். இடம் போதவில்லை, அவன் சற்று நகர்ந்து கொடுத்தான். உள்ளங்கையை ரேடியேற்றரின்மேல் வைத்தாள். ஒழுங்கைச் சரளைக் கல்லில் பெட்டியைக் கொண்டுவந்த கார் மெதுவாகத் திரும்பியது. கிரிஜா வந்து யன்னல்களைத் திறந்துவிட, குளிர் தரையில் விரித்திருந்த சீலையைத் தூக்கியது. குகதாசன் எழும்பி, சீலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சுசிலா கையை எடுக்கவில்லை.